பார்த்ததை மட்டும் சொன்ன மாமி

அந்த மாமி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரோடு எனக்கு இருந்த தகராறே அதுதான்.

பொய் சொல்கிறவராக இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்திருப்பேன். பிடிக்கிற குணம் எனக்கு உண்டு. வேலையும் அப்படி. பத்து காவான் என்கிற ஊரில் மருத்துவக் குழாய்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். கருவி சொல்வதை நம்புவதற்கு முன்னால் கருவியை நம்பலாமா என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. மீன்கடைத் தராசைக்கூட முறைத்துப் பார்க்கிறேன் என்று என் கணவர் ஹனிஃப் கேலி செய்வார்.

மாமி மௌத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருடம் ஆகிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஊரில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. என் அம்மாவுக்கும் அவர் மாமி, எனக்கும் மாமி, அவரைவிட வயதில் மூத்த மீன்கடைக்காரருக்கும் மாமி. ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், நாங்கள் இருந்த அதே வரிசையில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகள். அந்த மகள் என்னைவிடப் பத்துப் பதினோரு வயது மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். தாயும் மகளுமாகத் தையல் வேலை செய்தார்கள். பெருநாளுக்குப் பெண்கள் போடும் பாஜு கூரோங், பள்ளிக்கூடச் சீருடை, கடைப் பையன்களுக்கு மேலுடுப்பு, எது வந்தாலும் தைத்தார்கள்.

தையலுக்காக மட்டும் ஆட்கள் அந்தப் படி ஏறவில்லை. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணோ மாப்பிள்ளையோ பேசி எல்லாம் பிடித்துப்போன பிறகும், 'இஸ்திகாரா பார்த்துட்டுச் சொல்றோம்' என்பார்கள். இரண்டு ரக்காத் தொழுது, இந்தக் காரியம் எனக்கு நல்லதென்றால் எளிதாக்கு, கெட்டதென்றால் என்னைவிட்டுத் திருப்பிவிடு என்று அல்லாஹ்விடம் கேட்பதுதான் இஸ்திகாரா. அவரவர் காரியத்துக்கு அவரவர் கேட்கவேண்டியது. கனவு வந்தாகவேண்டும் என்றெல்லாம் எதுவும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? தொழுதுவிட்டுப் படுத்தால் ஏழு நாளைக்குள் கனவு வரும், பச்சையோ வெள்ளையோ கண்டால் நடத்தலாம், கறுப்போ சிவப்போ கண்டால் விட்டுவிடவேண்டும் என்று ஒரு சட்டம் எப்படியோ ஊரில் நின்றுவிட்டது. தனக்குக் கனவு சரியாக வராது என்று நினைக்கிறவர்கள், தெளிவாக வருகிற ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஒருவர் மாமி.

இதில் ஒரு வசதியும் இருந்தது. பெண் பிடிக்கவில்லை என்று பெண்ணின் தகப்பனிடம் நேராகச் சொல்ல முடியாது. இஸ்திகாராவில் சரியாகக் காட்டவில்லை என்று சொல்லிவிடலாம். அல்லாஹ் வேண்டாம் என்றுவிட்டான் என்கிறவர்களிடம் யார் போய் ஏன் என்று கேட்பது? இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு இல்லாமல் காரியம் முடிந்துவிடும். பெண்ணுக்கு மட்டும்தான் மனசில் ஏதோ மிஞ்சும்.

எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது, மாமி கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு கனவைத் திருப்புகிறாரோ என்று நினைத்தேன். ஒரு மாதம் கண்காணித்தேன் என்றே சொல்லலாம். இஸ்திகாரா கேட்டு வந்த வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தால்கூட, 'ஏழு நாள் முடியட்டும், அப்புறம் குடுங்க' என்று படியிலேயே திருப்பிவிடுவார். ஏழு நாள் முடிந்த பிறகும் அதே வாழைப்பழம்தான், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

பிறகு, வேண்டியவர்களுக்கு ஒரு கனவு வேண்டாதவர்களுக்கு ஒரு கனவு என்று இருக்குமோ என்று பார்த்தேன். ஒரு முறை டாக்டர் மாப்பிள்ளை ஒருவருக்காகப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சம்பந்தம் வேண்டும் என்பது அவர்கள் கட்டியிருந்த சேலையிலேயே தெரிந்தது. மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு குடை பார்த்தேன். விரிச்ச குடை. கத்திரிக்காய்க் கலரு."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கத்திரிக்காய் பச்சையாவும் இருக்கும்ல மாமி?"

"இது ஊதா."

"ஊதான்னா அது நீலத்துக்குக் கிட்டயா, செவப்புக்குக் கிட்டயா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் பார்த்தத சொல்லிட்டேன். அர்த்தம் நீங்க பார்த்துக்குங்க."

அவர்கள் படி இறங்கும்போதே ஊதா நீலத்துக்குத்தான் கிட்ட, நீலம் பச்சைக்குக் கிட்ட என்று முடிவுகட்டிவிட்டார்கள். கல்யாணம் நடந்தது. மாமி ஒரு வார்த்தை மாற்றியிருந்தால் அவர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். மாற்றவில்லை. எனக்கு அன்றைக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது. மரியாதை வந்ததில் எரிச்சலாகவும் இருந்தது.

தையலிலும் அதே கறார்தான். போன மாதம் அளவெடுத்தவருக்கு இந்த மாதமும் புதிதாக அளவெடுப்பார். 'அதே அளவுதான் மாமி' என்றால், 'அது போன மாச உடம்பு' என்று டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். கனவை மட்டும் அவர் ஒருநாளும் திருப்பி அளந்து பார்த்ததில்லை.

ஊர் அவரை முழுக்க முழுக்க நம்பியதற்குக் காரணம் வேறு. அக்காவுக்கு இருபத்தாறு வயதில் ஒரு வரன் வந்தது. படகுத்துறையில் வேலை பார்த்தவர். வந்தது என்ன, இரண்டு பேருக்கும் முன்பே பழக்கம், பிடித்துப்போய்த்தான் பெரியவர்கள் மூலமாகக் கேட்டு வந்தார்கள். மாமிக்கும் பையனைப் பிடித்திருந்தது. முறைப்படி ஏழு நாள் தொழுது படுத்தார். ஏழாம் நாள் காலையில் எழுந்து மகளிடம் சொன்னாராம்: "வாசல் முழுக்கக் கறுப்பும்மா. ஆள் நிக்கிறாப்ல கறுப்பா நிக்குது. வேணாம்."

அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். மாமியும் சாப்பிடவில்லை. பையன் வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு அலோர் ஸ்டார் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவுக்கு வந்த வரன்களை அக்காவே வேண்டாம் என்றுவிட்டார். 'சொந்த மகளுக்கே மாத்திச் சொல்லலையே!' என்று ஊர் வியந்தது. மாமியின் கனவுக்கு அதைவிடப் பெரிய சாட்சி யார் தரமுடியும்?

எனக்கு உண்மை தட்டுப்பட்டது ஓர் ஆரஞ்சு நிறக் கதவில். ஒரு பேரனுக்காகக் கேட்டு வந்த பெரியவரிடம், ஆரஞ்சுக் கலரில் ஒரு கதவு கண்டதாக மாமி சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் உடுப்பை வாங்கப் போயிருந்தேன். ஆரஞ்சுக் கதவை யார் கனவில் காண்பார்கள் என்று யோசித்துக்கொண்டே திரும்பினால், மெஷின் மேலும் நாற்காலி மேலும் தரையிலும் ஆரஞ்சுத் துணி. ரொட்டி சானாய்க் கடை ஒன்றின் பையன்களுக்கு முன்கச்சை. அக்கா அந்தத் துணிக்கு நடுவில் உட்கார்ந்து விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்தப் படி ஏறும்போதெல்லாம் முதலில் மெஷினைப் பார்த்தேன். பிறகு கனவு என்னவென்று விசாரித்தேன். பெருநாள் நெருங்கும்போது இளம்பச்சைப் பாஜு கூரோங் குவியும், கனவுகளும் பச்சையாக வரும், கல்யாணங்கள் முடிவாகும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் நீலப் பாவாடை, கனவில் நீல ஆறு. மூன்று நான்கு தடவை பொருந்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்படியே உட்கார்ந்தது.

எங்கள் அளவு அறையை எப்போதும் ஒரே குளிரில் வைத்திருப்போம். அறை சூடானால் கருவி தப்பாகக் காட்டும். அது பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரிந்ததைத்தான் காட்டுகிறது. அந்தக் கருவியிடம் கோபித்துக்கொள்ள முடியாது, அது காட்டுவதை நம்பிக் குழாயை மனிதர் உடம்புக்குள் விடவும் முடியாது. மாமியை அப்படித்தான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சைத்தான் பிடித்திருக்கிறது என்று என்னை நாலு பேர் கூடி ஓதிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அப்புறம் என் முறை வந்தது.

ஹனிஃப் எங்கள் தொழிற்பேட்டையிலேயே வேறொரு தொழிற்சாலையில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில் இடம் பிடித்துப் பிடித்துப் பழக்கம். எனக்கு முப்பது வயது. அந்த வயதில் ஒருவரைப் பிடித்துப்போவது லேசான விஷயம் இல்லை, அவர் இல்லாமல் அடுத்த வருடத்தை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் வீட்டில் பேசினார். அவருடைய அம்மா வந்து என்னைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார், நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்தார். போகும்போது, "மாமிகிட்ட இஸ்திகாரா சொல்லியிருக்கேன். ஏழு நாள்ல சொல்றோம்லா" என்றார்.

அன்று சாயந்திரமே மாமி வீட்டுப் படியை ஓடி ஏறினேன். மெஷினில் சிவப்பு. ரத்தச் சிவப்பு. கல்யாணங்களில் கொம்பாங் மேளம் அடிக்கிற கோஷ்டிக்கு இருபது சட்டை.

அக்காவுடைய வாசலில் நின்ற கறுப்பு என் நினைவுக்கு வந்தது. நானும் தனியாகத் தொழுது கேட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. தொழுது முடித்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது, இது நடக்கும், இது நல்லது என்று. அதையும் நான் நம்பவில்லை. வேண்டும் வேண்டும் என்று ஏங்கிக் கிடக்கிறவளுக்கு உள்ளேயிருந்து சரி என்று ஒரு குரல் கேட்டால், அது அல்லாஹ்வின் குரலா என் குரலா? அதைப் பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. மாமியின் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் துணிக்கடைக்குப் போனேன். பச்சைச் சாடின், கடையில் இருந்த கட்டு முழுவதும் வாங்கினேன். இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மாமி முன்னால் போட்டேன்.

"திரை தைக்கணும் மாமி. எங்க வீட்டு ஜன்னலுக்கு எல்லாம். அவசரம், இந்த வாரமே வேணும்."

மாமி துணியைத் தடவிப் பார்த்தார். "திரைக்கு யாராச்சும் சாடின் எடுப்பாங்களா? வெயில்ல போயிடும்லா."

"அம்மா ஆசப்பட்டாங்க."

"ஜன்னல் அளவு?"

"போன தடவ தைச்சீங்களே."

"அது போன தடவ."

டேப்பை எடுத்துக்கொண்டு என்னோடு வந்து எட்டு ஜன்னலையும் அளந்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, நான் கண்ணைக் காட்டியதும் சும்மா இருந்துவிட்டார். சிவப்புச் சட்டைகள் ஓரமாக ஒதுங்கின. அந்த வாரம் மாமியின் முன்னறை முழுக்கப் பச்சை. நான் தினமும் ஒரு சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் ஹனிஃபின் அம்மா ஃபோனில் கூப்பிட்டார். தண்ணீர் மேல் பச்சைத் துணி மிதந்து போவதாக மாமி கண்டாராம். அவர் ஃபோனிலேயே அழுதார். ஹனிஃபுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்கு முன்னாடியே நெஞ்சுல தெரிஞ்சிச்சு" என்றார். எனக்கும் அழுகை வந்தது. பரீட்சையில் பார்த்து எழுதி முதலாவதாக வந்த பிள்ளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. நன்றாகவே வாழ்கிறோம். சண்டை வந்தால் மட்டும் ஹனிஃப் ஒன்று சொல்வார்: "நம்மள அல்லாஹ்வே பச்ச காட்டிச் சேத்து வச்சிருக்கான், நீ என்னா கோவிச்சிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறது?" பெட்டியைத் திருப்பி அலமாரி மேல் வைத்துவிடுவேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, பத்து காவானில் புதிதாக வந்த பெரிய கடைக்கு மெஷின் சாமான் வாங்க அக்காவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது, கடலைக் கடந்து தீவுக்கு வருகிற இரண்டாவது பாலத்தில் வந்துகொண்டிருந்தோம். நல்ல காற்று, நல்ல மனநிலை, வயிறு நிறைய மீன் சாப்பாடு. அக்கா என்னிடம், "ஒங்கம்மா வீட்டுத் திரையெல்லாம் வெளுத்துப் போச்சாமே, எங்கம்மா அப்பவே சொன்னாங்கல்ல" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஆரஞ்சுக் கதவு, நீல ஆறு, பச்சைச் சாடின் என்று எல்லாவற்றையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டேன். இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கெட்டிக்காரத்தனத்தை ஒருவராவது பாராட்டவேண்டும் என்று இருந்தது.

அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அங்கி" என்றார்.

"என்னாக்கா?"

"பட்டம் வாங்குறவங்க போடுவாங்கல்ல, அந்தக் கறுப்பு அங்கி. ஒரு காலேஜுக்கு நாப்பது தைச்சோம். அந்த வாரந்தான். எல்லாத்துக்கும் கழுத்துப் பட்டி நாந்தான் தைச்சேன். தைச்சு முடிச்சு வாசல் கம்பியில மாட்டி வச்சிருந்தோம்."

எந்த வாரம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, மாமி வாசலில் கறுப்பைக் கண்ட வாரம். காரை ஓரம் நிறுத்தவேண்டும் போல இருந்தது, பாலத்தில் நிறுத்த இடம் கிடையாது. இரண்டு பக்கமும் கடல். ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

"வேணாம்னு அல்லாஹ் சொல்லிட்டான்னு இருந்தேன்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "அவரு வேற கட்டிக்கிட்டப்பகூட நான் அழுவல. அவன் சொல்லிட்டா அதுல நல்லது இருக்கும்னு இருந்தேன். பதினாறு வருஷமா அப்படித்தான் இருந்தேன். இப்ப, வேணாம்னு சொன்னது அவன் இல்லையா? அப்ப யாரு எனக்கு வேணாம்னு சொன்னது?"

ஜார்ஜ்டவுன் வந்து சேரும்வரை நான் ஏதேதோ சொன்னேன். எல்லாம் பொருந்தவில்லை, மூன்று நான்கு பொருந்தாமலும் இருந்தன, நான் நினைப்பதே தப்பாக இருக்கலாம் என்றேன். பொருந்தவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதால் பொருந்தியது போல் தெரிந்திருக்கலாம் என்றும் சொன்னேன். உண்மையில் அந்தச் சந்தேகம் எனக்கு அந்த நிமிடம்தான் வந்தது. அக்கா கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அம்மாகிட்ட சொல்லணும்" என்றார்.

நான் கெஞ்சினேன். மாமிக்கு மனசு உடைந்துபோகும் என்று கெஞ்சினேன். எனக்காகத்தான் கெஞ்சுகிறேன் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ செஞ்சதச் சொல்லமாட்டேன். துணியப் பத்தி மட்டும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மாமி அழுவார், சண்டை போடுவார், மகளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு வாரம் தைத்துக்கொண்டே இருந்தாராம். தான் தைத்த துணி ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருக்கும், கண்ட கனவும் நினைவிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். ஒரு வாரம் கழித்து மகளிடம், "ஆமா. அப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

அதோடு விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். மாமி குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். யார் யாருக்கெல்லாம் கனவு சொன்னாரோ அவர்கள் வீட்டுக்கெல்லாம். அக்காவும் கூடப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு: "நான் பார்த்தது உண்மை. ஆனா அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. மெஷின்ல இருந்த துணியா இருக்கலாம். அவன் காட்டினான்னு நான் சத்தியம் பண்ணமுடியாது. தெரியாமச் சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிருங்க."

ஊரில் ஒருவரும் அதைக் கேட்கத் தயாராக இல்லை. மூன்று பிள்ளை பெற்ற ஒரு பெண், இப்ப வந்து இதச் சொல்றீங்களே என்று கத்தினாளாம். ஒரு வீட்டில் கோப்பி கலக்கிக் கொடுத்துப் பேச்சை மழை பக்கம் திருப்பிவிட்டார்கள். இன்னொரு வீட்டில், அன்றைக்குக் கண்ட கனவு அல்லாஹ்விடமிருந்து வந்தது, இன்றைக்கு வந்திருக்கிற சந்தேகம்தான் சைத்தானிடமிருந்து வந்தது என்று மாமிக்கே புத்தி சொல்லி அனுப்பினார்கள். கனவு கண்டபோது வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இல்லை என்றபோது அவரை மனநலம் சரியில்லாதவர் போலப் பார்த்தார்கள். அவ்வளவு வருடமாக அவரைச் சந்தேகப்பட்டவள் நான் ஒருத்திதான். அவர் சொன்னதை இப்போது நம்பியவளும் நான் ஒருத்திதான்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு சாயந்திரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. என் மாமியார் இருந்தார், ஹனிஃப் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். மாமி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், அக்கா பின்னால் நின்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தேன். மாமி எல்லா வீட்டிலும் சொன்னதைச் சொன்னார். கடைசியில், "இவங்களுக்குப் பார்த்தப்ப மெஷின்ல பச்சத் துணி இருந்துச்சு" என்றார்.

என் மாமியார் சிரித்துவிட்டார். "என்னா மாமி நீங்க! அந்த வாரம் பார்த்துப் பச்சத் துணிய உங்க வீட்டுக்கு அனுப்பினது யாரு? அவன்தானே? காட்டணும்னா எப்படியும் காட்டுவான்லா."

ஹனிஃப் முன்னால் சாய்ந்தார். "அதானே. யாரோட துணி மாமி அது?"

மாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை, குற்றம் சாட்டவில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் அவர் பார்த்ததைச் சொல்கிறவர். கட்டுத் துணியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நான் நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அவசரம், இந்த வாரமே வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவார். அவர் வாயைத் திறந்தார்.

"என்னோடதுதாங்க" என்று நான் முந்திக்கொண்டேன். "அம்மா வீட்டுக்குத் திரை தைக்கக் குடுத்தேன். எனக்கு என்னா தெரியும்? பாருங்களேன், எனக்கே தெரியாம அல்லாஹ் என் கையாலயே அனுப்பி வச்சிருக்கான்."

"சுப்ஹானல்லாஹ்" என்றார் ஹனிஃப். அவர் கண் கலங்கிவிட்டது. மாமியார் எழுந்து வந்து என் தலையைத் தடவினார். இந்தக் கதையை அவர் இன்றைக்கும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறார். நான் அடுப்படியில் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவேன்.

மாமி திறந்த வாயை மூடிக்கொண்டார். தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். எல்லோருக்கும் ஸலாம் சொல்லி எழுந்தார்.

வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். மாமி குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். அக்கா செருப்பு மாட்டுகிற சாக்கில் நின்றார். என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும், என்னைத் திட்டப்போகிறார். திட்டினால் நல்லது என்று இருந்தது, வெட்கத்தில் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் திட்டவில்லை. நிஜமாகவே கேட்கிற குரலில் கேட்டார்.

"பச்சத் துணிய அனுப்பினது அவன்தான்னு உள்ள சொன்னியே. அப்ப அந்தக் கறுப்பு அங்கியையும் அவன்தான் அனுப்பினானா? அதையும் சொல்லிடு. நான் ஏதாச்சும் ஒண்ண நம்பிட்டுப் போறேன்."